முதுகுக்குப் பின்னால்

மாமல்லபுரத்துக் குன்றில் வராகர் இருவர். ஒருவர் வராக மண்டபத்தில் பூமாதேவியைத் தொடைமேல் ஏந்தி நிற்கிறார். இன்னொருவர் அதே குன்றின் மேற்குச் சரிவில், ஆதிவராகர் கோயில் கருவறைக்குள் இருக்கிறார். இரண்டு குகையையும் குடைந்தது பல்லவர் காலத்து உளிதான். முதலாமவருக்கு விளக்கு இல்லை, மணி இல்லை, பட்டர் இல்லை. தொல்லியல் துறையின் அறிவிப்புப் பலகை மட்டும் உண்டு. அவரை யார் வேண்டுமானாலும் எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கலாம், அவர் முன்னால் நின்று பல்லைக் காட்டலாம். இரண்டாமவருக்குப் பூசை நடக்கிறது. அங்கே கேமராவைப் பைக்குள் போட்டுவிட வேண்டும்.

இந்த இருவருக்கும் நடுவில்தான் என் பிழைப்பு ஓடியது. கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், வெண்ணெய் உருண்டைப் பாறை என்று சுற்றுகிறவர்களைப் படம் எடுத்துக் கொடுக்கிற தொழில். பிலிம் காலத்தில் ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம். குடும்பத்துக்கு மூன்று படம் எடுத்து, நோட்டில் விலாசம் எழுதி வாங்கி, பாதிப் பணத்தை முன்பணமாகப் பெற்றுக்கொண்டு, ரோலைக் கழுவி, பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்புவோம். தெரியாத ஆளை நம்பி ஜனங்கள் காசு கொடுத்துவிட்டுப் போவார்கள். அது வேறு காலம். அப்புறம் சின்னப் பிரிண்டர் வந்தது, பத்து நிமிடத்தில் படம் கையில். அதன் பிறகு செல்போன். எங்களில் பாதிப் பேர் கல்சிற்பக் கடைகளுக்கும் ஆட்டோவுக்கும் போய்விட்டார்கள். நான் மட்டும் இன்னமும் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறேன். வருமானத்துக்கு என்று சொன்னால் என் மகள் சிரிப்பாள்.

பூசை நடக்கிற இடத்தில் படம் கூடாது, பூசை நின்ற இடத்தில் எடுக்கலாம். பல ஊர்களில் இதுதான் நடைமுறை. அப்படியானால் படம் எடுக்கலாம் என்கிற அனுமதியே, ‘இங்கே சாமி இல்லை’ என்பதற்கான சான்றிதழா? முதல் வராகரை விட்டுச் சாமி எப்போது போனார்? கடைசி விளக்கு அணைந்த அன்றைக்கா? அல்லது வரவே இல்லையா? எல்லோரும் ஒளியையும் கோணத்தையும் பார்க்கிற இடத்தில் நின்றுகொண்டு நான் இதையே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எனக்குப் பழக்கமான பட்டர் ஒருவர் உண்டு. இந்த ஊர்க்காரர் இல்லை, சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துபோகிறவர். அவரிடம் கேட்டேன். ஆகம வழியில் அவர் சொன்ன பதில் சுத்தமாக இருந்தது. கல் கல்தான், பிரதிஷ்டை செய்தால் சாமி அதில் எழுந்தருளுகிறார், தினப்படி ஆராதனை நடக்கிறவரை இருக்கிறார், நின்றுபோனால் மறுபடி சம்ப்ரோக்ஷணம் செய்துதான் அழைக்க வேண்டும். விருந்தாளி மாதிரி, என்றார். கவனிக்க ஆள் இல்லாத வீட்டில் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார்?

“சரி சாமி, கோயில்ல திருப்பணி நடக்கிறப்போ பாலாலயம் பண்றீங்களே, அப்போ அத்திப்பலகையில சாமி உருவத்தை வரைஞ்சு அதுலதானே ஆவாகனம் பண்றாங்க சில கோயில்ல? அப்போ படத்துல சாமி வராருன்னு ஆகுதே?”

“மந்திரத்தோட வரைஞ்சா வருவார். நீ பட்டனை அமுக்கினா வரமாட்டார்” என்றார்.

நன்றாகச் சிரித்தோம். ஆனால் அவருடைய பதில் என் கேள்வியை முடிக்கவில்லை. காரணம், அதற்கு வெகுகாலம் முன்பே நான் தபாலில் அனுப்பிய ஒரு படம்.

ஆரணிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். கடற்கரைக் கோயில் முன்னால் வழக்கம்போல எல்லோரையும் வரிசையாக நிறுத்தினேன். கூட வந்திருந்த பெரியம்மா மட்டும் வரவில்லை. உள்ளே போனவர் போனவர்தான். தேடிப் போனால், கடலைப் பார்த்த சன்னதியின் பின்சுவரில் இருக்கிற சோமாஸ்கந்தரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். சிவன், பக்கத்தில் உமை, மடியில் குழந்தை முருகன். முன்னால் பட்டைபட்டையாகச் செதுக்கிய கறுப்பு லிங்கம், மேல்பாகம் உடைந்தது. உப்புக்காற்று முகங்களையெல்லாம் கரைத்து வைத்திருக்கிறது. “தம்பி, என்னை எடுக்க வேணாம். இவங்களை எடுத்துக் குடு. எங்க அக்கா படுத்த படுக்கையா இருக்கா, அவளுக்குக் காட்டணும்” என்றார்.

அந்த இடத்தில் வெளிச்சம் போதாது. பிளாஷ் போட்டால் கல் தட்டையாகிவிடும். வாசல் தூணில் கேமராவை அண்டக்கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். சுமாரான படம்தான். போஸ்ட் கார்டு சைஸில் பிரிண்ட் போட்டு அனுப்பினேன். கொஞ்ச நாள் கழித்து ஒரு இன்லண்ட் கடிதம் வந்தது. அக்கா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாராம். சுவாமி அலமாரியில் வைத்து வெள்ளிக்கிழமைதோறும் கற்பூரம் காட்டுகிறார்களாம். இன்னொரு பிரதி வேண்டும், சம்பந்தி வீட்டில் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தார்கள்.

கல்லில் என்றோ நின்றுபோன பூசை, காகிதத்தில், ஆரணிப் பக்கத்து ஓட்டு வீடு ஒன்றில் மறுபடி தொடங்கியிருக்கிறது. அந்தப் பெரியம்மாவுக்குப் பல்லவராஜா ராஜசிம்மன் பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவன் கட்டிய கோயில் அது; சன்னதிகளுக்கு க்ஷத்திரியசிம்மேச்சரம், ராஜசிம்மேச்சரம் என்று தன் பட்டப்பெயர்களையே வைத்தான். 1984-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது. அறிவித்தவர்கள் பார்த்தது சின்னத்தை, அந்த அம்மாள் பார்த்தது குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கிற சாமியை. பயணப் படத்தைப் பிறருக்கு அனுப்புவது வெறும் பீற்றல் என்று யாராவது சொல்லும்போதெல்லாம் அந்த இன்லண்ட் கடிதம் எனக்கு நினைவுக்கு வரும். காசிக்குப் போய்வந்தவர் காலில் விழுந்து கும்பிட்ட ஜனங்கள் நாம். போக முடியாதவருக்குப் போனவர் எதையாவது கொண்டுவந்து தரவேண்டும் என்பது இங்கே கடமை. கங்கைத் தண்ணீரோ, கயிறோ, படமோ.

அனுப்புவதில் குற்றம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஆனாலும் ஏதோ ஒன்று இடறுகிறது, அது எது? என் அம்மா ஒருமுறை ஊரிலிருந்து வந்து நான் தொழில் செய்வதை அர்ஜுனன் தபசுப் பாறைக்கு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: “என்னடா பொழப்பு இது? வர்றவங்களையெல்லாம் சாமிக்கு முதுகு காட்டச் சொல்லியே சம்பாதிக்கிறியே.”

யோசித்துப் பார்த்தால் வரிக்கு வரி உண்மை. ‘அப்படியே திரும்பி நில்லுங்க, கோயில் பின்னாடி வரட்டும்’ என்பதுதான் நான் வாழ்க்கையில் அதிகம் பேசிய வாக்கியம். கோயிலில் சன்னதியை விட்டு வரும்போது நாலடி பின்னாலேயே நடந்து வந்து பிறகு திரும்புகிறவர்கள், இங்கே என் ஒரு சொல்லுக்குச் சட்டென்று திரும்பிவிடுவார்கள். கல்லைப் பார்ப்பதற்கு முன்பே திரும்பியவர்களும் உண்டு. பஸ்ஸில் இருந்து இறங்கி, திரும்பி நின்று, சிரித்து, மறுபடி பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். செல்போனின் முன்பக்க கேமரா இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. முதுகைக் காட்டாமல் அதில் எதையும் எடுக்கவே முடியாது.

அதற்காக, படத்தில் தானும் இருக்கவேண்டும் என்று நினைப்பதே அகங்காரம் என்று உபதேசம் செய்ய வரமாட்டேன். ஆதிவராகர் கோயிலுக்குள் போனால் முன்மண்டபச் சுவர்களில் எதிரெதிராக இரண்டு ராஜகுடும்பங்கள். ஒன்றில் அரசன் ஆசனத்தில் உட்கார்ந்திருக்க, இரண்டு தேவியர் பக்கத்தில் நிற்கிறார்கள். மேலே சிம்மவிஷ்ணு என்று எழுத்து. எதிர்ச்சுவரில் மகேந்திரன் என்ற எழுத்தின் கீழே ஓர் அரசன் நிற்கிறான், அவனோடும் இரண்டு தேவியர். இவர்கள் எந்தச் சிம்மவிஷ்ணு, எந்த மகேந்திரன் என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அந்தச் சண்டையில் வேலை இல்லை. தொழில்காரன் கண்ணுக்கு அது பட்டவர்த்தனமாகக் குடும்பப் படம். கோயிலுக்கு வந்தோம், இன்னார் இன்னார் கூட இருந்தார்கள் என்று கல்லில் பதித்து வைத்தது. ஆயிரத்து முந்நூறு வருடமாக எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்!

ஆனால் அந்த மகேந்திரனின் கைகளைப் பார்க்க வேண்டும். ஒரு கையால் தேவியின் கையைப் பிடித்து அழைத்து வருகிறான். மற்றக் கை கருவறைப் பக்கம் நீண்டு சுட்டுகிறது. அதோ, அங்கே பார், என்கிற மாதிரி. ராஜா தன்னைப் பெரிதாகத்தான் செதுக்கிக்கொண்டான், தேவியரின் நகையைக்கூட விடவில்லை. இருந்தாலும் அந்தப் படத்தைப் பார்க்கிறவன் கண் அவன் விரலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விடும். எங்கள் தொழிலில் இப்படி ஒரு படம் எடுத்தவனை நான் பார்த்ததில்லை. திருப்பதியில் கிருஷ்ணதேவராயர் தன் தேவியரோடு செம்புச் சிலையாக நிற்கிறார், கைகூப்பியபடி. மதுரைப் புதுமண்டபத்துத் தூணில் திருமலை நாயக்கர், அவரும் கைகூப்பியபடி. எல்லோரும் கோயிலில் தங்கள் உருவத்தை வைத்தவர்கள்தான். திரும்பி நின்றவர்கள் இல்லை.

அர்ஜுனன் தபசையே எடுத்துக்கொள்ளலாம். பகீரதன் தவம் என்போரும் உண்டு; இரு தரப்பும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நூறடிக்குச் சற்றே குறைந்த அகலத்தில் இரண்டு பாறைகள், நடுவில் ஒரு பிளவு. பிளவில் நாகராஜா கைகூப்பி எழுந்து வருகிறார். கிழக்குப் பார்த்த பாறை என்பதால் காலையில் வெயில் ஏறுவதற்குள் வந்துவிட வேண்டும். சாய்வெளிச்சத்தில்தான் உருவங்கள் பாறையைவிட்டு எழுந்துவரும். தேவர்கள், கின்னரர்கள், சித்தர்கள், வேடர்கள், சிங்கம், மான், யானைக் கூட்டம். வருகிறவர்கள் யானையைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஒற்றைக்காலில் நிற்கிற தவசியின் விலா எலும்பை எண்ணலாம். அவருக்குப் பக்கத்தில் சிவன் வரம் கொடுக்கிற கையோடு நிற்கிறார்.

இத்தனை கூட்டத்தில் ஏறக்குறைய எல்லோரும் அந்தப் பிளவை நோக்கியே போகிறார்கள். பறப்பவர்கள் பறந்து, நடப்பவர்கள் நடந்து. வெளியே நிற்கிற நம்மைப் பார்த்துச் சிரிக்க அங்கே ஆளில்லை. வருஷக்கணக்காக வ்யூஃபைண்டர் வழியாகப் பார்த்ததில் எனக்கு விளைந்த உறுத்தல் இதுதான். சட்டத்தின் மேல்பாதியில் ஒரு கூட்டம் முழுக்க ஒரு திசையில் முகம் வைத்திருக்கும். கீழே நான் நிறுத்திய குடும்பம் நேர் எதிர்த்திசையில் முகம் வைத்திருக்கும்.

போஸ் கொடுக்கிறவர் ஒருவர் அந்தப் பாறையிலேயே உண்டு. பெரிய யானையின் தந்தத்துக்குக் கீழே ஒரு பூனை. மேலே இருக்கிற தவசியைப் பார்த்து அதே மாதிரி பின்னங்காலில் நின்று முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கியிருக்கிறது. சுற்றி எலிகள். போலிச் சாமியார் கதை என்பார்கள். தவத்தின் மகிமையில் எலியும் பூனையும் பகை மறந்தன என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், எனக்கு அது ஒட்டவில்லை. சிற்பிக்கு நக்கல் தெரிந்திருக்கிறது. தவத்தையும் தவத்தின் போஸையும் ஒரே பாறையில், ஒரே கைப்பழக்கத்தில் செதுக்கிவைத்து, வித்தியாசத்தைக் கண்டுபிடி என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

வெண்ணெய் உருண்டைப் பாறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. அது சாமி இல்லை, சரிவில் உட்கார்ந்திருக்கிற பாறை. தள்ளுகிற மாதிரி, தாங்குகிற மாதிரி எடுத்துக்கொள்ளட்டும். 2019 அக்டோபர் 11-ஆம் தேதி இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் அதன் முன்னால் கைகோத்துத் தூக்கி நின்ற படம் உலகமெல்லாம் போனது. அதன் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் அதே போஸ் வேண்டியிருந்தது. அங்கேயும் டிக்கெட் போட்டார்கள்.

முதுகு விஷயத்தில் இலங்கைக்காரர்கள் கண்டிப்பானவர்கள் என்று அங்கிருந்து வருகிற பயணிகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்வது அங்கே அவமரியாதை. 2012-இல் மூன்று பிரெஞ்சுப் பயணிகள் புத்தர் சிலைக்கு முத்தம் கொடுப்பதுபோலப் படம் எடுத்து, பிரிண்ட் போடக் கொடுத்த இடத்தில் மாட்டிக்கொண்டார்கள். காலி நீதிமன்றம் ஒத்திவைத்த சிறைத்தண்டனை விதித்தது. பிரிண்ட் போடுகிறவர்தான் போலீசுக்குச் சொன்னார் என்று படித்தபோது தொழில்முறையில் எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. வாடிக்கையாளர் படத்தை நாம் பார்க்கலாம், நியாயம் தீர்க்கலாமா?

அந்த இலங்கையிலேயே வேறொரு கதை. தாமஸ் மெர்ட்டன் என்று அமெரிக்கத் துறவி ஒருவர், கென்டக்கியில் டிராப்பிஸ்ட் மடத்தைச் சேர்ந்தவர். புகைப்படத்தில் ஆர்வம் உள்ளவர். நண்பர் கொடுத்த கேமராவோடு ஆசியாவுக்கு வந்தார். 1968 நவம்பர் கடைசியில் எங்கள் மாமல்லபுரத்துக்கும் வந்திருக்கிறார். சில நாளில் பொலன்னறுவை போய், கல் விகாரையில் பாறையில் செதுக்கிய பெரிய புத்தர்கள் முன்னால், ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்றார். தான் இத்தனை காலம் தேடியது என்னவென்று அங்கே தெளிந்ததாக நாட்குறிப்பில் எழுதினார். மாமல்லபுரத்தையும் சேர்த்தே சொன்னார். அதே ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி பாங்காக்கில் இறந்துபோனார். ஒரு பயணி விட்டுப்போன புத்தகத்தில் இதை என் மகள் படித்துச் சொன்னாள்.

என்னைப் பிடித்துக்கொண்டது இதில் இன்னொரு ஆள். மெர்ட்டனோடு கூட வந்த உள்ளூர்ப் பாதிரியார் அந்நிய மதத்துச் சிலை என்று கூச்சப்பட்டுப் பின்தங்கி, மரத்தடியில் உட்கார்ந்து வழிகாட்டிப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாராம். மெர்ட்டன் கையில் கேமரா இருந்தது. புத்தர்களைப் படமும் எடுத்தார். பாதிரியார் கையில் இருந்தது புத்தகம். அவர் படமும் எடுக்கவில்லை, பார்க்கவும் இல்லை. கேமராவைத் தூக்கி எறிந்துவிட்டால் கண் திறந்துவிடும் என்று சொல்கிற பெரியவர்களுக்கு இந்த மரத்தடியைக் காட்டலாம்.

அந்தப் பெரியவர்கள் வழக்கமாக எடுத்துப் பேசுவது பூசலார் கதை. திருநின்றவூர்க்காரர், கோயில் கட்டக் காசில்லை, மனத்துக்குள்ளேயே அஸ்திவாரம் போட்டு, சுவர் எழுப்பி, சிகரம் வைத்து, குளம் வெட்டி, குடமுழுக்குக்கு நாளும் குறித்துவிட்டார். அதே நாளில் காஞ்சியில் பல்லவராஜா தான் கட்டிய கற்கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்திருந்தான். சிவன் அவன் கனவில் வந்து, அன்றைக்கு எனக்கு நின்றவூரில் வேலை இருக்கிறது, நீ வேறு நாள் பார்த்துக்கொள் என்றார். சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்வது. அந்த ராஜா ராஜசிம்மன், அந்தக் கோயில் கயிலாசநாதர் கோயில் என்பது பலர் கருத்து. அங்கே போனால் சுற்றுச் சன்னதிகளில் தன் பட்டப்பெயர்களை இருநூறுக்கு மேல் செதுக்கி வைத்திருக்கிறான். நான், நான், நான். இன்றைக்கு இருந்திருந்தால் நாளுக்கு இருபது செல்ஃபி போட்டிருப்பான்.

ஆகவே மனத்தில் பார், படம் எதற்கு என்பார்கள். கதையை முழுதும் கேட்டால் அப்படி முடியவில்லை. ராஜா கோபப்படாமல் நின்றவூருக்குப் புறப்பட்டு வந்தான். பூசலார் கட்டிய கோயில் எங்கே என்று ஊரார் எல்லோரையும் கேட்டான். யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் அவரையே கண்டு விழுந்து வணங்கினான். அவன் வந்து விசாரிக்காமல் போயிருந்தால் அந்த மனக்கோயில் பூசலாரோடு முடிந்திருக்கும். நமக்குக் கதையே கிடையாது. இன்று திருநின்றவூரில் இருதயாலீசுவரர் கோயில் கல்லிலேயே இருக்கிறது, ஜனங்கள் போய் வருகிறார்கள், வாசலில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். மனத்தில் கட்டியதையும் யாரோ பகிர்ந்ததால்தான் நாம் பார்க்கிறோம். பூசலாருக்கும் ராஜாவுக்கும் வித்தியாசம், ஒருவர் மறைத்தார் ஒருவர் காட்டினார் என்பதில் இல்லை. பூசலார் கட்டிய கோயிலில் அஸ்திவாரம் முதல் சிகரம்வரை எல்லாம் இருந்தது. எந்தச் சுவரிலும் பூசலார் பெயர் இல்லை.

கோயில்களுக்குள் செல்போனே கூடாது என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. திருச்செந்தூர் தொடர்பான வழக்கு. எனக்கு அதில் சம்மதம்தான். கருவறைக்கு எதிரே நமக்குக் கிடைப்பது சில நொடி; முன்னால் இருப்பவர் அதில் போனைத் தூக்கிப் பிடித்தால் பின்னால் நிற்கிற குழந்தைக்குத் தெரிவது அந்தப் போனின் முதுகுதான். ஆனால் பார்க்காதே என்கிற எந்தக் கட்டளையையும் நான் கொஞ்சம் உறுத்தலோடுதான் கேட்பேன். எங்கள் பாட்டன் காலத்தில் எங்கள் தெருக்காரர்கள் ஊர்க் கோயிலில் கொடிமரத்தைத் தாண்டியதில்லை. 1947-இல் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்த பிறகும் பாட்டி உள்ளே போகத் தயங்கி வாசலிலேயே கும்பிட்டுவிட்டு வருவாராம். அவருக்கு மூலவர் முகம் தெரிந்தது தேர்த்திருவிழாவில் விற்ற அச்சுப்படத்தில்தான். நந்தனாருக்காகத் திருப்புன்கூரில் நந்தி விலகியது என்று பாடுகிறோம். எங்கள் பாட்டிக்கு விலகிய நந்தி சிவகாசி அச்சகம்.

கடைசியாக மறுபடி அந்தப் பட்டரிடமே போனேன். முகம் திருப்புவதுதான் விஷயம், முதுகைக் காட்டுவதுதான் குறை என்று எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். “ஏன்யா, எங்கும் நிறைஞ்சவனுக்கு முன்னாடி ஏது, பின்னாடி ஏது? உங்க ஊர்க் கதையே தெரியாம பேசறியே. புண்டரீக ரிஷி பாற்கடல் பெருமாளைப் பார்க்கணும்னு கடலையே கையால இறைச்சார். பெருமாள் கிழவனா வந்து பசிக்கிறதுன்னார். ரிஷி சாப்பாடு கொண்டுவர அந்தப் பக்கம் போனார். திரும்பி வந்து பார்த்தா, பெருமாள் தரையிலேயே சயனிச்சிண்டிருக்கார். தலசயனம்னு பேரே அதான். அவர் முதுகைத் திருப்பினப்போதானேய்யா பெருமாள் வந்தார்?”

அடி பலமாகத்தான் விழுந்தது. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு எனக்குப் பிடிபட்டது இவ்வளவு: பெருமாளுக்கு முதுகு கிடையாது, ஒப்புக்கொள்கிறேன், எனக்கு இருக்கிறது. எனக்குக் கண் ஒரு பக்கம்தான் வைத்திருக்கிறார். புண்டரீகர் திரும்பியது பசித்த கிழவருக்குச் சோறு கொண்டுவர. கொண்டுவந்தார், பார்த்தார். சோற்றை எடுத்துக்கொண்டு அப்படியே வீட்டுக்குப் போயிருந்தால் தலசயனம் ஏது? பட்டரை அடுத்த தரம் பார்க்கும்போது சொல்ல வேண்டும். அவர் இதற்கும் ஒன்று வைத்திருப்பார்.

இப்போது என்னிடம் வருகிறவர்கள் குறைவு. பெரும்பாலும் செல்போனை நீட்டி, “அங்கிள், ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா” என்று கேட்கிறவர்கள்தான். எடுத்துக் கொடுக்கிறேன். ஆனால் அவர்கள் திரும்பி நிற்பதற்கு முன்னால், பாறையைப் பார்த்து நிற்கும்போதே பின்னாலிருந்து ஒன்று எடுத்துவிடுவேன். பூனை எங்கே இருக்கிறது, கண்டுபிடியுங்கள் என்று சொன்னால் போதும், குடும்பமே ஒரு நிமிடம் முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு தேடும். அப்பா தோளில் குழந்தை, பின்னலில் மல்லிகை, சுட்டுகிற ஒரு விரல். அதற்கு அப்பால் பாறை. பிறகு திரும்பச் சொல்லி வழக்கமான படம்.

“மூஞ்சியே தெரியலையே அங்கிள்” என்று ஒரு பெண் முதல் படத்தை என் எதிரிலேயே அழித்தாள். அவள் தம்பி, “எனக்கு அனுப்பிட்டு அழிக்கவேண்டியதுதானே” என்று சண்டை போட்டான். அவர்கள் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. சிலர் என் கேமராவில் எடுக்கச் சொல்லி பிரிண்டே கேட்பார்கள். அப்போது இரண்டையும் போட்டுக் கொடுத்துவிட்டு ஒரு படத்துக்குத்தான் காசு வாங்குவேன். எந்தப் படத்துக்கு என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.